டீசல் பிக்கப் இன்ஜின்: எது எவ்வளவு தாங்கும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி லோடு அடிக்கும் குடும்பம் எங்களுடையது. கொடைக்கானல் மேல்மலைக்கு உரமும் சிமென்டும் ஏற்றிப் போய், கேரட்டும் உருளையும் ஏற்றி வருவோம். குட்டி யானை என்கிற டாடா ஏஸில் ஆரம்பித்து அசோக் லேலண்ட் தோஸ்த், மஹிந்திரா பொலேரோ பிக்கப் என்று எல்லாவற்றையும் ஓட்டியாகிவிட்டது. புதிதாக வண்டி வாங்கப் போகிறவர்கள் டீக்கடையிலும் போனிலும் என்னிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். அவர்கள் கேட்டபடியே எழுதிப் பதில் சொல்லியிருக்கிறேன்.

அண்ணே, எந்த வண்டி இன்ஜின் ரொம்ப நாள் உழைக்கும்? ஒரே பேரைச் சொல்லுங்க.

மலை, முழு லோடு, தினமும் ஓட்டம் என்றால் என் பதில் பொலேரோ பிக்கப். காரணம் அடுத்த பதிலில் இருக்கிறது. ஆனால் தெருத்தெருவாகத் தண்ணீர் கேன் போடுகிறவர் இந்தப் பதிலைக் கேட்டு அதை வாங்கினால், டீசலுக்கும் தவணைக்கும் கூடுதலாகக் கொடுத்ததுதான் மிச்சம்.

அதனால் நான் முதலில் மூன்று விஷயம் கேட்பேன். ஒரு நடைக்கு எவ்வளவு எடை? நிற்காமல் எவ்வளவு தூரம்? ஏற்றம் உண்டா? இந்த மூன்றும் தெரியாமல் எந்த இன்ஜினையும் நல்லது, கெட்டது என்று சொல்ல முடியாது.

சிசி பெருசா இருந்தா இன்ஜின் ஸ்ட்ராங்குன்னு சொல்றாங்களே, நிஜமா?

பாதி நிஜம். சிசி என்பது எல்லா சிலிண்டரின் மொத்தக் கொள்ளளவு; 1000 சிசி ஒரு லிட்டர். சிசியை மட்டும் பார்க்காமல், ஒரு லிட்டருக்கு எத்தனை குதிரைத்திறன் எடுக்கிறார்கள் என்று வகுத்துப் பாருங்கள். பொலேரோ பிக்கப் இன்ஜின் 2523 சிசி, நாலு சிலிண்டர். பழையதில் 63 குதிரைத்திறன், பிஎஸ் 6-ல் (2020-ல் வந்த புகைக் கட்டுப்பாட்டு விதி) 75. அதாவது லிட்டருக்கு 25, அப்புறம் 30. தோஸ்த் 1478 சிசி, மூன்று சிலிண்டர். 2011-ல் வந்தபோது 55 குதிரைத்திறன், பிஎஸ் 6-ல் 70. லிட்டருக்கு 37-ல் தொடங்கி 47-க்கு வந்திருக்கிறது.

கூடுதலாக எடுப்பது குற்றமில்லை. ஆனால் சின்ன இடத்துக்குள் அதிக டீசல் எரிகிறது, அதிக அழுத்தமும் சூடும் பிறக்கிறது. பிஸ்டன், ஹெட் கேஸ்கட், காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ எல்லாம் அந்தச் சூட்டைத் தாங்கியாக வேண்டும். கூலன்ட் குறைந்தாலோ ஆயில் மாற்றத் தவறினாலோ, நிதானமாக உழைக்கும் பெரிய இன்ஜின் கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ளும். பிழிந்து வேலை வாங்கப்படும் இன்ஜின் பொறுக்காது. பொலேரோவை முதலில் சொன்னதற்கு இந்தப் பொறுமைதான் காரணம்.

அப்படிப் பார்த்தா குட்டி யானை இன்ஜின்தான் ரொம்ப உழைக்கணும். ஆனா அது சீக்கிரம் இறங்கிடும்னு சொல்றாங்களே?

நல்ல கேள்வி. 2005-ல் வந்த டாடா ஏஸ் இன்ஜின் 702 சிசி, இரண்டு சிலிண்டர், 16 குதிரைத்திறன். இண்டிகா காரின் 1405 சிசி இன்ஜினைப் பாதியாக வெட்டியது மாதிரி. டர்போ இல்லை. லிட்டருக்கு 23 குதிரைத்திறன்தான். மேலே சொன்ன கணக்குப்படி இதுதான் ரொம்ப நிதானமான இன்ஜின்.

ஆனால் அந்தக் கணக்கில் இன்னொரு பாதி இருக்கிறது. முழு லோடோடு வண்டியின் எடை சுமார் ஒன்றரை டன். அதை இழுக்க 16 குதிரைத்திறன். டிரைவர் ஆக்சிலேட்டரைக் கடைசிவரை மிதித்தபடியேதான் ஓட்ட வேண்டியிருக்கிறது. பொலேரோ டிரைவர் சமவெளியில் பாதி மிதித்துக்கொண்டு போகிறார். குட்டி யானை டிரைவர் காலையிலிருந்து ராத்திரி வரை முழுசாக மிதிக்கிறார். தேய்மானம் அந்த மிதியில் இருக்கிறது.

ஊருக்குள் 15, 20 கிலோமீட்டர் சுற்றி, அளவோடு ஏற்றி, நேரத்துக்கு ஆயில் மாற்றினால் அந்த இன்ஜின் நன்றாகவே உழைக்கும். பழுதானாலும் எந்த ஊரிலும் பிரிக்கத் தெரிந்தவர் கிடைப்பார், சாமான் கிடைக்கும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: இதில் வால்வையும் பிஸ்டனையும் ஒத்து ஓடவைக்கும் டைமிங் பெல்ட் இருக்கிறது. கம்பெனி சொல்லும் கிலோமீட்டர் வந்ததும் மாற்றிவிடுங்கள். பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் இடித்துக்கொள்ளும், அப்புறம் ஹெட்டை, அதாவது சிலிண்டர்களின் மேல்மூடியைக் கழற்றாமல் வேறு வழியில்லை.

தோஸ்த்துல மூணு சிலிண்டர்தானே? நாலு சிலிண்டர் அளவுக்குத் தாங்குமா?

சிலிண்டர் எண்ணிக்கைக்கும் ஆயுசுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. தோஸ்த்தின் ஒரு சிலிண்டர் 493 சிசி, பொலேரோவுடையது 631, குட்டி யானையுடையது 351. தோஸ்த் சிலிண்டர் ஒன்றும் சின்னதில்லை. மூன்று சிலிண்டரில் ஐடிலில் (மிதிக்காமல் சும்மா ஓடவிடும்போது) அதிர்வு கூடுதலாக இருக்கும், அதனால் இன்ஜின் மவுண்டிங் ரப்பர்களை மட்டும் அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரு டன், ஒன்றேகால் டன் ஏற்றி, பெரும்பாலும் நெடுஞ்சாலையில் ஓடுகிறவருக்கு ஓசூரில் செய்யப்படும் இந்த வண்டி சரியான தேர்வு. டீசலும் மிச்சமாகும்.

பழைய பம்ப் வண்டி நல்லதா, சென்சார் வண்டி நல்லதா?

பம்ப் வண்டி என்று நாம் சொல்வது மெக்கானிக்கல் பம்ப் உள்ளது. சென்சார் வண்டி என்பது காமன் ரெயில், அதாவது டீசலை அதிக அழுத்தத்தில் ஒரே குழாயில் தேக்கி, கம்ப்யூட்டர் கணக்குப்படி தூவுவது. பழைய பம்ப்பில் டீசல் சில நூறு பார் அழுத்தத்தில் போகும். காமன் ரெயிலில் 1600 பார் அளவுக்குப் போகும். கார் டயரில் இருப்பது 2 பார் சொச்சம்தான். அவ்வளவு அழுத்தத்தை அடக்க, டீசலைத் தூவும் இன்ஜெக்டருக்குள் இருக்கும் இடைவெளி சில மைக்ரான். நம் தலைமுடியின் கனம் சுமார் 70 மைக்ரான். அதனுள்ளே ஒரு தூசி போனாலும் காயம்தான்.

பம்ப் வண்டி நடுரோட்டில் நின்றால் பெரும்பாலும் ஏர் லாக் (டீசல் குழாயில் காற்று புகுந்தது), இல்லையென்றால் ஃபில்டர் அடைப்பு. ஸ்பேனர் இருந்தால் நாமே எடுத்துவிடலாம். டீசல் தூவும் முனையான நாசில் போனாலும் பம்ப் ஒர்க்‌ஷாப்பில் சரி செய்து கொடுப்பார்கள். காமன் ரெயில் நின்றால் ஸ்கேனர் வேண்டும், இன்ஜெக்டர் ஒன்றின் விலையே கையைக் கடிக்கும். ஆனால் காமன் ரெயில் டீசலை நன்றாகத் தூவி அளந்து எரிப்பதால் புகை குறைவு, சத்தம் குறைவு, இழுவை அதிகம். எரியாத டீசல் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலைக் கழுவுவதும் குறைவு. இன்ஜினின் அடிப்பகுதி, அதாவது பிஸ்டன், ரிங், கிராங் எல்லாம் காமன் ரெயிலில் குறைவாகத்தான் தேய்கிறது என்பது என் அனுபவம். ஆக, பழுது வரும் இடம்தான் மாறியிருக்கிறது: முன்பு ரிங், இப்போது இன்ஜெக்டரும் சென்சாரும்.

கேன்ல வாங்கி ஊத்துற டீசல்ல என்ன கெட்டுப்போகுது? நாங்க டிராக்டருக்கு ஊத்துறோமே?

டிராக்டர் பெரும்பாலும் மெக்கானிக்கல் பம்ப். தண்ணீர் அதற்கும் ஆகாது, ஆனால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். காமன் ரெயிலில் தண்ணீர் போனால் பம்பும் இன்ஜெக்டரும் துருப்பிடித்துக் கெடும். காரணம் போன பதிலில் சொன்ன அந்த மைக்ரான் இடைவெளிதான்.

ஒரு மழைக்காலத்தில் எங்கள் வண்டி ஒன்று திணறித் திணறி ஓடியது. டீசல் ஃபில்டரின் அடியில் இருக்கும் திருகைத் தளர்த்தி, வெற்று பாட்டிலில் பிடித்து, கால் மணி நேரம் அசையாமல் வைத்தேன். மேலே மஞ்சள் டீசல், அடியில் இரண்டு விரல் உயரத்துக்குத் தெளிந்த தண்ணீர். பாட்டிலைச் சாய்த்தால் தாமரை இலை நீர் மாதிரி உருண்டு ஓடியது. மூடி சரியாக மூடாத கேனில் வாங்கி ஊற்றியதன் பலன் அது. அன்றிலிருந்து மாதம் ஒருமுறை அந்தத் திருகைத் திறந்து பார்ப்பது எங்கள் வழக்கம். காசு செலவில்லை, ஐந்து நிமிட வேலை.

பிஎஸ் 6 டீசல் போட்டா பழைய வண்டி பம்ப் தேஞ்சுபோயிடுமாமே?

பயம் எங்கிருந்து வந்தது என்று புரிகிறது. பிஎஸ் 4 டீசலில் கந்தகம் 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு) வரை இருக்கலாம், பிஎஸ் 6-ல் 10 பிபிஎம்தான். கந்தகத்தை எடுக்கும்போது டீசலின் வழுவழுப்பும் குறையும், பம்ப்புக்கு டீசல்தான் எண்ணெய் என்பதும் உண்மை. ஆனால் அந்த வழுவழுப்பு ஓர் அளவுக்குக் கீழே போகக்கூடாது என்று விதியே இருக்கிறது. அதற்கான மருந்தைக் கலந்துதான் அனுப்புகிறார்கள். தைரியமாகப் போடுங்கள். மண்ணெண்ணெய் கலந்தால்தான் பம்ப் தேயும்.

பிஎஸ் 6 வண்டி வாங்கலாமா? டிபிஎஃப் அடைச்சுக்கும்னு பயமுறுத்துறாங்க.

2020 ஏப்ரல் 1-க்குப் பிறகு விற்கும் புது வண்டி எல்லாமே பிஎஸ் 6. எனவே புதிது வேண்டுமென்றால் இதோடு வாழப் பழகித்தான் ஆக வேண்டும். டிபிஎஃப் என்பது சைலன்சர் வழியில் உட்கார்ந்து கரியைப் பிடித்து வைக்கும் சல்லடை. கரி நிறைந்ததும் இன்ஜின் கூடுதல் டீசல் விட்டு, புகைவழியை 550, 600 டிகிரிக்குச் சூடாக்கி, அந்தக் கரியை எரித்துவிடும். இதற்குக் கொஞ்ச நேரம் தொடர்ந்து ஓட வேண்டும்.

நெடுஞ்சாலை வண்டிக்கு இது தானாக நடந்துவிடும், டிரைவருக்குத் தெரியக்கூடத் தெரியாது. கஷ்டப்படுவது கடைக்குக் கடை நின்று நின்று போகிற வண்டி. கரியை எரிக்கத் தொடங்கும், அதற்குள் சாவியை அணைப்பார்கள். மறுபடி தொடங்கும், மறுபடி அணைப்பார்கள். நாலைந்து முறை இப்படி ஆனால் விளக்கு எரியும், இழுவை குறையும், கடைசியில் சர்வீஸுக்குத்தான் போக வேண்டும்.

ஐடில் வழக்கத்தைவிட ஏறி, ஃபேன் வேகமாகச் சுற்றி, ஒரு சூட்டு வாடை அடித்தால் எரிப்பு நடக்கிறது என்று அர்த்தம். அப்போது அணைக்காதீர்கள். வாரத்தில் ஒரு நாளாவது பைபாஸில் அரை மணி நேரம் ஒரே சீராக ஓட்டுங்கள். ஆயிலும் டிபிஎஃப்புக்கு ஏற்ற, சாம்பல் குறைந்த வகையாக இருக்க வேண்டும். எரிந்த ஆயிலின் சாம்பலை எந்தச் சூடும் எரிக்காது, அது சல்லடையிலேயே தங்கிவிடும்.

அந்த டிபிஎஃப்பை வெட்டி எடுத்துட்டு சாஃப்ட்வேர் மாத்திடலாம்கிறாங்களே?

செய்யாதீர்கள். சட்டப்படி தவறு, எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டும்போதும் வாரன்டி கேட்கும்போதும் மாட்டுவீர்கள். அதைவிட முக்கியம், அந்தக் கரி முழுவதும் நம் பிள்ளைகள் நடக்கிற தெருவில்தான் விழும். மார்க்கெட்டில் நாள் முழுக்க மூட்டை தூக்குகிறவர்கள் மூச்சில் போவதும் அதுதான். பெரும்பாலும் நகரத்துக்குள் குறுகிய ஓட்டம் என்றால், டீசலே வேண்டாம். சிஎன்ஜி அல்லது பெட்ரோல் வண்டியைப் பாருங்கள்.

டிப்ஸ்டிக்கில் ஆயில் லெவல் தானா ஏறுது. நல்லதுதானே?

இல்லை, உடனே கவனியுங்கள். ஆயில் குறையலாம், தானாக ஏறக்கூடாது. பிஎஸ் 6 வண்டி என்றால், இரண்டு பதிலுக்கு முன்னால் சொன்ன அந்தக் கரி எரிப்புக்கு விடும் கூடுதல் டீசல், பாதியில் அணைக்கும்போது சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி ஆயிலோடு கலக்கிறது. ஆயில் தண்ணியாகிவிடும், பேரிங்கைக் காக்காது. விரலில் தொட்டு மோந்து பாருங்கள், டீசல் வாடை தெரியும். ஆயிலை மாற்றிவிட்டு, ஓட்டும் முறையையும் மாற்ற வேண்டும்.

ஆயில் மோர் மாதிரி வெளுத்திருந்தால் கூலன்ட் கலந்திருக்கிறது. அப்போது வண்டியை ஸ்டார்ட் செய்யவே வேண்டாம்.

அரை டன் கூடுதலா ஏத்துனா இன்ஜினுக்கு என்ன ஆகும்? எல்லாரும் ஏத்துறாங்களே.

சமவெளியில் முதலில் கிளட்சும் ஸ்பிரிங் பட்டையும் டயரும் அடிவாங்கும். மலையில் இன்ஜின் அடிவாங்கும். ஏற்றத்தில் வேகம் குறைவு, அதனால் ரேடியேட்டருக்குக் காற்று குறைவு. அதே நேரத்தில் இன்ஜின் முழு மிதியில் சூட்டைக் கக்குகிறது.

என் சித்தப்பா மகன் பழனி வழியாகக் கொடைக்கானலுக்குச் சிமென்ட் ஏற்றிப் போனான், அளவுக்கு மேல் பத்து மூட்டை. எந்தக் கம்பெனி வண்டி என்பது வேண்டாம். எந்த வண்டிக்கும் இதுதான் நடந்திருக்கும். இரண்டாம் கியரிலேயே உருட்டியிருக்கிறான். ஃபேன் பெல்ட் தளர்ந்திருந்ததை யாரும் கவனிக்கவில்லை. சூட்டு முள் சிவப்பைத் தொட்ட பிறகும் ‘அடுத்த வளைவில் நிறுத்தலாம்’ என்று இரண்டு கிலோமீட்டர் போயிருக்கிறான். நிறுத்தியதும் பதற்றத்தில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றியிருக்கிறான். லேத்துக்கு ஹெட் வந்தபோது, லேத்காரர் அதன் மேல் இரும்பு அளவுகோலை நிறுத்தி வைத்து, இடையில் மெல்லிய ஃபீலர் தகட்டைச் செருகிக் காட்டினார். ஒட்டியிருக்க வேண்டிய இடத்தில் தகடு வழுக்கிக்கொண்டு போனது. ஹெட் வளைந்துவிட்டது. பத்து மூட்டை வாடகை எங்கே, அந்தச் செலவு எங்கே.

முள் நடுவைத் தாண்டினால் ஓரம் கட்டுங்கள். இன்ஜினை அணைக்காமல் ஐடிலில் விட்டு ஆறவிடுங்கள். கொதித்துக் கூலன்ட் வெளியே வந்துவிட்டால் மட்டும் அணைத்துவிடுங்கள், மூடியைத் தொடாதீர்கள்.

டர்போ வண்டியை நிறுத்துறதுக்கு முன்னாடி ஓடவிடணுமா?

ஏற்றம் ஏறி வந்து உடனே நிறுத்துவதாக இருந்தால் ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் ஐடிலில் விடுங்கள். டர்போ தண்டு சுற்றுவது ஆயில் மேல். அணைத்ததும் ஆயில் நிற்கும், சூடு நிற்காது, அங்கேயே ஆயில் கரியாகிவிடும். ஊருக்குள் மெதுவாக வந்து நிறுத்தினால் தேவையில்லை.

இன்ட்ரா, யோதா, இசுசு பத்தி ஒண்ணும் சொல்லலையே?

இரண்டாவது பதிலில் உள்ள வகுத்தல் கணக்கையே போடுங்கள். இன்ட்ரா வி30: 1496 சிசி, 70 குதிரைத்திறன், தோஸ்த் மாதிரியேதான். இன்ட்ரா வி10: 798 சிசியில் 44, லிட்டருக்கு 55 வருகிறது; இதில் கூலன்ட்டிலும் ஆயிலிலும் அலட்சியம் கூடாது. யோதா 2.2 லிட்டரில் 100, லிட்டருக்கு 46.

இசுசு டி-மேக்ஸ் லோடு வண்டி 2499 சிசிக்கு 78 குதிரைத்திறன், பொலேரோ போல நிதானமான இன்ஜின். சென்னைக்கு வடக்கே, ஆந்திராவில் இருக்கிற ஸ்ரீசிட்டியில் 2016-லிருந்து தொழிற்சாலை வைத்திருக்கிறார்கள். ஆனால் உங்கள் ஊரிலிருந்து சர்வீஸ் சென்டர் எத்தனை கிலோமீட்டர் என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். நல்ல இன்ஜினும் சாமானுக்காக ஒரு வாரம் நின்றால், தவணை நிற்காது.

பழைய வண்டி பார்க்கப் போறேன். இன்ஜினை எப்படிச் சோதிக்கிறது?

விற்பவரிடம் ‘வண்டியை ஸ்டார்ட் பண்ணி வைக்காதீங்க’ என்று முதல் நாளே சொல்லுங்கள். போனதும் பானட்டில், அல்லது குட்டி யானை என்றால் சீட்டுக்கு அடியில், இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் ஏதோ மறைக்கிறார்கள். ஆறிய இன்ஜின் எத்தனை சுற்றில் பிடிக்கிறது என்று கவனியுங்கள். கறுப்புப் புகை என்றால் காற்றோ நாசிலோ பிரச்சினை, நீலம் என்றால் ஆயில் எரிகிறது. வெள்ளை, சூடான பிறகும் நிற்கவில்லை என்றால் கூலன்ட்டைச் சந்தேகப்படுங்கள்.

அப்புறம் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, அதே துளையின் மேல் தலைகீழாக வையுங்கள். லேசாக நடுங்கினால் பரவாயில்லை. துள்ளித் துள்ளி விழுந்தால், அல்லது புகை குபுகுபு என்று வந்தால் பேக் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டர் அழுத்தம் கீழே கசிகிறது; ரிங் போய்விட்டது. காமன் ரெயில் வண்டி என்றால் ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கை அழைத்துப் போங்கள். அவர் கூலி வீண் செலவு இல்லை.

ஒரே விலைக்கு ரெண்டு வண்டி வந்திருக்கு. 2 லட்சம் கிலோமீட்டர் ஓடின பொலேரோ, 80 ஆயிரம் ஓடின குட்டி யானை. எதை எடுக்கிறது?

மீட்டரை நம்பி முடிவு செய்யாதீர்கள். மூன்றாவது பதிலில் சொன்ன முழு மிதியை நினைத்துப் பாருங்கள்: அந்த 80 ஆயிரமும் லோடோடு ஓடியிருந்தால் குட்டி யானை இன்ஜின் நிறைய உழைத்துவிட்டது. பொலேரோ ஒரே முதலாளி கையில், ஒரே டிரைவரோடு, ஆயில் பில் வைத்து ஓடியிருந்தால் இன்னும் தெம்பு இருக்கும். இரண்டுக்கும் மேலே சொன்ன மூடிச் சோதனையைச் செய்யுங்கள். இரண்டும் தேறினால், உங்கள் லோடு 700 கிலோவுக்குள் என்றால் குட்டி யானை, மேலே என்றால் பொலேரோ.

போர் வேலை பண்ணின இன்ஜின், மாத்து இன்ஜின் போட்ட வண்டியெல்லாம் வாங்கலாமா?

போர் வேலை, அதாவது தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கி அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போடுவது, ஒன்றும் தீட்டு இல்லை. யார் செய்தார், லேத் பில் இருக்கிறதா, பிஸ்டன் எந்த ஓவர்சைஸ் போட்டார்கள் என்று கேளுங்கள். ஏற்கனவே இரண்டு முறை போர் போட்டிருந்தால் பிளாக்கில் இனி வெட்ட அதிக இடம் இருக்காது, விலையை அதற்கேற்பக் குறையுங்கள்.

மாத்து இன்ஜின் என்றால், ஆர்டிஓ அனுமதியோடு மாற்றி ஆர்.சி.யில் ஏற்றியிருக்கிறார்களா என்பதே முதல் கேள்வி. ஒரு துணியில் கொஞ்சம் டீசல் தொட்டு, பிளாக்கில் எண் பொறித்த இடத்தைத் துடையுங்கள். டார்ச் அடித்து, ஆர்.சி.யில் உள்ள எண்ணோடு ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப் பாருங்கள். ஒரு எழுத்து ஒத்துவரவில்லை என்றாலும், இன்ஜின் எவ்வளவு இனிமையாக ஓடினாலும், அட்வான்ஸ் கொடுக்காமல் திரும்பி வந்துவிடுங்கள்.